நின்ற பக்கம் எது? வாசிப்புத் தேக்க மாதத்தைத் திரும்பிப் பார்க்கும் முறை

மாதக் கடைசியில் வாசிப்புக் கணக்கு எழுதத் தொடங்கியபோது முதல் நான்கு மாதங்கள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தன. ஐந்தாம் மாதம் வாசிப்பு நின்றுபோனது. நோட்டைத் திறந்து, "முடித்தவை: எதுவும் இல்லை. அடுத்த மாதம் ஐந்து புத்தகங்கள் படித்தே தீர வேண்டும்" என்று எழுதி, 'தீர' என்ற சொல்லுக்கு அடிக்கோடும் போட்டேன். அடுத்த மாதமும் எதையும் படிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் நோட்டையே திறக்கவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அதே ஐந்தாம் மாதத்தை மறுபடி எடுத்து, வேறு விதமாகக் கணக்கெழுதிப் பார்த்தேன். அந்த விதத்தைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். வாசிப்புத் தேக்கத்தில் முதன்முறையாக மாட்டிக்கொண்டவர்களையும், மாதக் கணக்கு எழுத இப்போதுதான் பழகுகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தேக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்: படிக்க ஆசை இருக்கிறது, புத்தகமும் கையில் இருக்கிறது, இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் மனம் நழுவிவிடுகிறது. நேரமே கிடைக்காத மாதம் வேறு. அதற்கு ஓய்வுநாள்தான் மருந்து. ஆசையே வற்றிப்போன நிலையும் வேறு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

நன்றாக ஓடிய மாதத்தில் முடித்த புத்தகங்களைப் பற்றி எழுதினால் போதும். தேக்க மாதத்தில் அப்படி எழுத ஒன்றும் இருக்காது. பாதியில் நின்றவைதான் அந்த மாதத்தின் சாட்சிகள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கத்தில், எந்த வேளையில் கையைவிட்டுப் போனது என்று விசாரித்தால் தேக்கத்தின் காரணம் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும்.

எப்போது உட்காருவது

மாதத்தின் கடைசி இரவில் வேண்டாம். அன்றைக்கு நாம் நீதிபதியாகவும் குற்றவாளியாகவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். புது மாதம் பிறந்து மூன்று நான்கு நாள் போகட்டும். முக்கால் மணி நேரம், ஒரு தாள், ஒரு பென்சில் இருந்தால் போதும். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம், முதலில் எழுதும் காரணங்களில் பாதியைப் பின்னால் அழிக்க வேண்டியிருக்கும்.

வாசிப்புக் கணக்குச் செயலி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு நாள் அதை மூடி வைக்கலாம். குட்ரீட்ஸ் போன்றவற்றின் ஆண்டுச் சவால், முடித்த புத்தகத்தை மட்டும் ஒன்று என்று எண்ணும். 300 பக்கம் படித்துவிட்டு நிறுத்தினாலும் அங்கே பூஜ்யம்தான். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் விசாரணை தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

புத்தகங்களை மேசைக்குக் கொண்டுவருதல்

நினைவிலிருந்து பட்டியல் எழுதாதீர்கள். எழுந்து போய்ப் புத்தகங்களைத் தேடி எடுத்து வந்து மேசையில் அடுக்குங்கள். தலையணைக்கு அருகில், பைக்குள், அலமாரியின் மேல்தட்டில், அலுவலக இழுப்பறையில் என்று எங்கெல்லாம் கிடக்கின்றனவோ அங்கிருந்தெல்லாம் வரவேண்டும். கைப்பேசியில் தரவிறக்கிய முன்னோட்டப் பகுதிகள், கேட்டுப் பாதியில் நிறுத்திய ஒலிப்புத்தகங்கள், நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டவை ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி அதே அடுக்கில் வையுங்கள்.

ஒரு பக்கம் படித்திருந்தாலும் அது கணக்கில் சேரும். நான் முதன்முறை இப்படி அடுக்கியபோது, "எதுவும் படிக்கவில்லை" என்று எழுதியிருந்த அந்த மாதத்துக்கு மேசைமேல் ஒன்பது புத்தகங்கள் இருந்தன. பக்கங்களைக் கூட்டினால் நானூற்றுச் சொச்சம். ஒரு நடுத்தர நாவல் அளவுக்குப் படித்திருக்கிறேன், ஒன்பது இடங்களில் சிதறவிட்டு.

புத்தகம் அல்லாத வாசிப்பையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நீண்ட கட்டுரை, கவிதை, குழந்தைக்கு வாசித்துக்காட்டிய கதை ஆகியவற்றைச் சேர்ப்பேன். உருட்டிக்கொண்டே போன செய்தித் துணுக்குகளையும் கைப்பேசியில் வந்து குவிந்த பகிர்வுகளையும் சேர்க்க மாட்டேன். அது நுனிப்புல் மேய்வது. ஆனால் எவ்வளவு நேரம் மேய்ந்தோம் என்பதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது; கைப்பேசியே அந்தக் கணக்கை வைத்திருக்கும்.

வாங்கி வந்து திறக்காமலே வைத்தவையும் கண்ணில் படும். அவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். வாங்கிக் குவித்துப் படிக்காமல் விடுவதற்கு ஜப்பானியர்கள் மெய்ஜி காலத்திலேயே, அதாவது 1868க்கும் 1912க்கும் இடையில், 'சுந்தொக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய வியாதி என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. தேக்கத்தின்போது புத்தகம் வாங்குவது படித்த திருப்தியில் கால்வாசியைப் படிக்காமலே கொடுத்துவிடும் என்பது என் சொந்த அனுபவம்.

நாள் தெரியாத புத்தகத்துக்கு நாள் கண்டுபிடித்தல்

தாளில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: தொடங்கிய பக்கம், நின்ற பக்கம், கடைசியாகப் படித்த நாளும் வேளையும், படித்த இடம். பக்கங்கள் எளிது. நாளும் இடமும்தான் தகராறு.

இங்கே கொஞ்சம் துப்பறிய வேண்டும். அடையாளத்துக்கு என்ன செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, கடை ரசீது எல்லாவற்றிலும் தேதி இருக்கும். பிடித்த பத்தியைப் படமெடுத்து வைத்திருந்தால் கைப்பேசியின் படத் தொகுப்பு நாளை மட்டுமல்ல, மணியையும் சொல்லும். மின்நூல் கருவியில் கடைசியாகத் திறந்த வரிசையிலேயே புத்தகங்கள் நிற்கும். நூலகப் புத்தகத்தில் தவணைத் தேதி இருக்கும். இரண்டு தடவை தொடங்கிய புத்தகமாக இருந்தால் சில சமயம் இரண்டு அடையாளங்கள் கிடைக்கும். என்னுடைய ஒன்பதில் ஒன்று 14ஆம் பக்கத்தில் ஒரு காகிதத்தையும், அதே 14ஆம் பக்கத்தில் இன்னொரு காகிதத்தையும் வைத்திருந்தது. எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று சொன்ன புத்தகம் அது. நானும் கட்டாயத்துக்காகத்தான் தொடங்கியிருந்தேன்.

நாள்களை வரிசைப்படுத்திவிட்டால் மாதத்தின் உருவம் தெரியும். என் ஐந்தாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் தினமும் ஏதோ படித்திருக்கிறேன். பத்தாம் நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள் வரை ஒன்றுமில்லை. பிறகு ஏழு நாளில் ஆறு புத்தகங்களைத் தொட்டு ஆறையும் விட்டிருக்கிறேன். மாதம் முழுக்கத் தேங்கிக்கிடந்ததாக நான் நினைத்தது தவறு. உண்மையான இடைவெளி பதின்மூன்று நாள். அதற்குப் பின் நடந்தது தேக்கம்கூட இல்லை, பதற்றம்.

நின்ற பக்கத்தை மறுபடி படித்தல்

இதுதான் முக்கியமான வேலை. அவசரப்படாதீர்கள்.

ஒவ்வொரு புத்தகத்திலும் நின்ற இடத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் முன்னால் போய், அங்கிருந்து நின்ற வரி வரை படியுங்கள். அதற்கு மேல் ஒரு வரியும் போகாதீர்கள். படித்துவிட்டுத் தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இங்கே என்ன நடக்கிறது? கதையில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்கவில்லை. படிக்கிறவருக்கு இந்த இடத்தில் என்ன நேர்கிறது என்பதைக் கேட்கிறேன்.

என் புத்தகங்களில் நான்கைச் சொல்கிறேன். காரணங்கள் எவ்வளவு வேறுபடும் என்பது அப்போதுதான் புரியும்.

முதலாவது, 640 பக்கச் சரித்திர நாவல். 87ஆம் பக்கத்தில் நின்றிருந்தது. அலுப்பூட்டுகிறது என்று மனத்துக்குள் முத்திரை குத்தி வைத்திருந்தேன். திரும்பப் படித்தபோது, 84ஆம் பக்கத்திலிருந்து நான்கு பக்கத்துக்குள் ஏழு புதிய பாத்திரங்கள் வருகிறார்கள், அதில் மூன்று பேருக்கு ஒரே மாதிரியான பட்டப்பெயர். நானோ அந்த நாவலை யாருக்காவது காத்திருக்கும் நேரங்களில், ஐந்தைந்து நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் யார் யார் என்று மறந்து, நாலு பக்கம் பின்னால் போய், அதற்குள் எழுந்துவிட வேண்டியதாகியிருக்கிறது. நாவலில் குறையில்லை. ஒரு மணி நேர நாவலை ஐந்து நிமிட இடுக்கில் செருகப் பார்த்ததுதான் தவறு.

இரண்டாவது, ஒரு கட்டுரைத் தொகுப்பு. 31ஆம் பக்கத்தில் ஒரு கட்டுரை முடிகிறது, நானும் அங்கேயே நின்றுவிட்டேன். இதில் விசாரிக்க எதுவுமில்லை. கட்டுரைத் தொகுப்பும் சிறுகதைத் தொகுப்பும் ஒவ்வொன்றின் முடிவிலும் வாசகரை இறக்கிவிடும். மறுபடி ஏறுவது நம் பொறுப்பு. இப்படி இயல்பாக நின்றதைத் தேக்கத்தின் கணக்கில் எழுதிவிடும் பிழையைப் புதியவர்கள் அதிகம் செய்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு தன்வரலாறு. 112ஆம் பக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த புத்தகம் ஏன் நின்றது என்று எனக்கு நினைவே இல்லை. திறந்து பார்த்தால் அந்தப் பக்கத்தில் எழுதியவரின் தந்தை நோயில் படுக்கிறார். நான் அதைப் படித்த நாள் ஒன்பது. பத்தாம் நாள் எங்கள் வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தோம். அந்தப் பதின்மூன்று நாள் வெற்றிடத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. ஆனால் இரண்டு மாதமாக அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது விசித்திரமானது. முடிவதற்கு இருபது பக்கம் இருக்கும்போது விட்ட குறுநாவல். பிடிக்காமல் விடவில்லை, முடிந்துவிடக் கூடாதே என்று விட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட புத்தகம் உங்கள் அடுக்கில் இருந்தால் மகிழுங்கள். தேக்கத்திலிருந்து கரையேற மிகக் குறைந்த தூரம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் புத்தகங்களுக்கு வேறு காரணங்கள் வரலாம். மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்திருக்கலாம். எழுத்து பொடியாக இருந்திருக்கலாம். முக்கியமான திருப்பத்தை யாரோ முன்கூட்டியே சொல்லிக் கெடுத்திருக்கலாம். எதுவானாலும் பொதுவாக எழுதாமல் அந்தப் பக்கத்தில் கண்டதை எழுதுங்கள். "சுவாரசியம் இல்லை" என்று எழுதினால் அழித்துவிட்டு, எந்த வரியில் கண் மேலே பார்த்தது என்று எழுதுங்கள்.

ஒரு கிளைக்கதை. ரஷ்ய உளவியலாளர் புளூமா ஜெய்கார்னிக் 1927இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்டவை அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று சொன்னார். பின்னால் வந்த சோதனைகளில் அந்த முடிவு எப்போதும் அப்படியே கிடைக்கவில்லை. ஆகவே விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்பது பாதிக் கிணறுகளைத் தாண்டி நிற்பவருக்குப் பத்தாவது புத்தகத்தைத் திறக்கும்போது கை ஏன் தயங்குகிறது என்பதை யோசிக்க அது உதவுகிறது.

உடம்பையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

வாசிப்பு மனத்தின் வேலை என்று நினைத்து, கண்ணை மறந்துவிடுகிறோம். நாற்பது வயதையொட்டி அருகிலுள்ளதைப் பார்க்கும் திறன் குறையத் தொடங்கும். வெள்ளெழுத்து என்று அதற்கு அழகான பெயர் உண்டு. அது ஒரே நாளில் வராது. புத்தகத்தைப் பிடிக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக நீளும், மாலையில் படித்தால் நெற்றி வலிக்கும், பத்துப் பக்கத்தில் அலுப்பு வரும். அந்த அலுப்பைப் புத்தகத்தின் தலையில் கட்டிவிடுவோம்.

சோதிப்பது எளிது. தாளில் நீங்கள் எழுதிய நேரங்களைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் படித்தவை அதிகப் பக்கம் ஓடியிருக்கின்றனவா? மின்நூலில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தவை தொடர்ந்திருக்கின்றனவா? கேட்ட புத்தகம் மட்டும் தடையில்லாமல் போயிருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால், புது வாசிப்புத் திட்டம் போடுவதற்கு முன் கண் மருத்துவரிடம் போய்வாருங்கள்.

தூக்கமும் அப்படித்தான். எல்லா நின்ற பக்கங்களும் இரவு பதினொன்றுக்கு மேல் என்றால் அதைத் தேக்கம் என்று அழைப்பது தூக்கத்துக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்றை விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். படிப்பது மட்டுமல்லாமல் பாட்டு, பேச்சு, வழக்கமாகப் பிடித்த எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேலாக ருசியில்லாமல் போயிருந்தால், அது வாசிப்புப் பிரச்சினை இல்லை. மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று அது. இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் நின்றதா, ஒரு வகை மட்டும் நின்றதா

சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படித்த புத்தகங்களுக்கும் படிக்க வேண்டியவற்றுக்கும் பட்டியல் எழுதி வைத்தவர். 1876இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், இளமையில் தனக்கு மிகவும் பிடித்திருந்த கவிதையை இப்போது ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை என்றும், ஷேக்ஸ்பியரை எடுத்துப் பார்த்தால் குமட்டும் அளவுக்குச் சலிப்பாக இருக்கிறது என்றும் வருந்துகிறார். அதே குறிப்பில், நாவல்கள் தனக்குப் பெரிய ஆறுதல் என்கிறார். அவற்றை வீட்டில் மற்றவர்கள் அவருக்குப் படித்துக்காட்டினார்கள். சோகமாக முடியும் நாவல்களுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்றுகூட எழுதுகிறார்.

கவிதையில் முழுத் தேக்கம், நாவலில் வெள்ளம், அதுவும் காதுவழியாக. தேக்கம் என்று நாம் மொத்தமாகச் சொல்வது பெரும்பாலும் இப்படி ஒரு வாய்க்காலில்தான் இருக்கும். ஆகவே உங்கள் அடுக்கை வகை வாரியாக ஒரு முறை மாற்றி அடுக்கிப் பாருங்கள்: கதை, கதையல்லாதது, தடித்தது, மெலிந்தது, தாள், திரை, ஒலி. எங்கே அதிகப் பக்கம் ஓடியிருக்கிறது என்று வட்டமிடுங்கள்.

டார்வினிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கனமான புத்தகம் கையில் பிடிக்க வசதியாக இல்லையென்றால் அதை இரண்டாக வெட்டிவிடுவாராம். அவர் மகன் பிரான்சிஸ் பதிவுசெய்திருக்கிறார். புத்தகப் பிரியர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் வெட்டச் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு படிப்பவர்கள் 640 பக்கப் புத்தகத்தை விடுவதற்கு மணிக்கட்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மூன்று அடுக்காகப் பிரித்தல்

இப்போது மேசையில் இருப்பவற்றைப் பிரியுங்கள்: விடுபவை, தொடர்பவை, தள்ளிவைப்பவை. இந்த இடத்தில் புதியவர்களுக்கு முதல் அடுக்கில்தான் கை நடுங்கும்.

எத்தனை பக்கம் படித்துவிட்டு விடலாம் என்பதற்கு, சியாட்டில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் சொன்ன கணக்கு வேடிக்கையாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். அறுபது வயதானவருக்கு நாற்பது பக்கம். வயது ஏற ஏற நேரம் குறைகிறது, ஆகவே பொறுமைக்கும் உரிமை குறைகிறது என்பது அவர் கணக்கின் நியாயம். பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டபோது, முடிக்காமல் விடும் உரிமையை மூன்றாவதாக வைத்தார். நம்மவரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அவர் நூலகங்களுக்குச் சொன்னதை நாம் வீட்டு அலமாரிக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

14ஆம் பக்கத்தில் இரண்டு முறை நின்ற என் புத்தகம் ஐம்பது பக்க விதிக்கும் தகுதி பெறவில்லை. விதியை மீறித்தான் விட்டேன். வேறொருவரிடம் கொடுத்தேன், அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

தள்ளிவைப்பவை தனி. தன்வரலாற்றை அந்த அடுக்கில்தான் வைத்தேன். புத்தகம் நல்லது, காலம் சரியில்லை. இப்படிப்பட்டவற்றைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மேசைமேல் இருந்தால் அவை பார்த்துக்கொண்டே இருக்கும்.

தொடர்பவற்றில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. தொடரும்போது நின்ற வரியிலிருந்து தொடங்காதீர்கள். அந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். நிறையப் பாத்திரங்கள் இருந்தால் ஒரு சீட்டில் பெயர்களை எழுதி, யாருக்கு யார் என்ன உறவு என்று கோடு போட்டு, அந்தச் சீட்டையே அடையாளமாகச் செருகுங்கள். முன்கதை முழுவதும் மறந்துவிட்டது என்றால் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில் வெட்கமில்லை.

குறிப்பை எழுதுதல்

இத்தனை வேலைக்குப் பிறகு எழுதும் குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் போதும். இரண்டு விஷயங்களை மட்டும் விலக்குங்கள். ஒன்று, மன்னிப்பு. நீங்கள் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. மற்றொன்று, படிக்காத புத்தகத்தைப் பற்றிய அபிப்பிராயம். 31 பக்கம் படித்துவிட்டு நூலை மதிப்பிட்டால் அது நூலுக்கும் நியாயமில்லை, பின்னால் நோட்டைப் புரட்டப்போகும் உங்களுக்கும் நியாயமில்லை.

இரண்டு மாதம் கழித்து நான் திருத்தி எழுதிய ஐந்தாம் மாதக் குறிப்பை, புத்தகப் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன். மாதிரிக்குத்தான், உங்கள் நடை உங்களுடையது.

"ஒன்பது புத்தகங்கள், நானூற்றுச் சொச்சம் பக்கங்கள், முடித்தது எதுவுமில்லை. ஒன்பதாம் நாள் வரை தினமும் படித்திருக்கிறேன். பத்து முதல் இருபத்திரண்டு வரை மருத்துவமனை. அங்கே தன்வரலாற்றைக் கொண்டுபோனேன், திறக்கவில்லை. திரும்பி வந்தபின் ஒரே வாரத்தில் ஆறு புத்தகங்கள், ஒன்றும் 40 பக்கத்தைத் தாண்டவில்லை. விட்ட நாள்களை ஈடுகட்டப் பார்த்திருக்கிறேன். சரித்திர நாவல் 87இல் நிற்கிறது, ஏழு புதுப் பெயர்கள். அதற்கு உட்கார நேரம் வேண்டும், காத்திருக்கும் நேரம் ஆகாது. காத்திருக்கும்போது கட்டுரைத் தொகுப்பு நன்றாக ஓடியிருக்கிறது. குறுநாவலில் இருபது பக்கம் மீதி. ஒன்றை விடுகிறேன், ஒன்றைத் தள்ளிவைக்கிறேன். இரவில் படித்த எதுவும் நினைவில் இல்லை."

முதல் முறை எழுதிய இரண்டு வரிக்கும் இதற்கும் நடுவில் புதிதாக ஒரு பக்கம்கூட நான் படித்திருக்கவில்லை. அதே மாதம்தான்.

அடுத்த மாதத்துக்கு ஒரு வரி

இலக்கு வைக்காமல் இருக்க முடியாதவர்களுக்கு ஒரு சமாதானம்: புத்தக எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிடங்களை எண்ணுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். உளவியலாளர் மார்க் பிரைஸ்பர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் கதையல்லாத எழுத்தை மௌனமாகப் படிக்கும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று கணக்கிட்டார். அந்த எண் நமக்கு உதவாது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது தமிழில் ஒரே சொல். ஆகவே சொல்லை எண்ணாமல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படியுங்கள், எத்தனை பக்கம் ஓடியது என்று பாருங்கள். மூன்று வெவ்வேறு நாள் அளந்து சராசரி எடுத்தால் நல்லது.

பத்து நிமிடத்தில் ஆறு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பத்து நிமிடம் என்றால் முப்பது நாளில் 180 பக்கம். ஒரு மெலிந்த புத்தகம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. தேக்கத்தில் இருப்பவருக்கு அகலக்கால் வைக்காத அளவு அதுதான். எட்டு நாள் விட்டுப்போனாலும் 132 பக்கம் மிஞ்சும். குடி முழுகிப் போகாது.

அந்த ஒரு வரி இலக்கு, குறிப்பிலிருந்து நேரடியாக முளைத்ததாக இருக்கட்டும். காரணம் நேரம் என்றால் நேரத்தை மாற்றுங்கள், கண் என்றால் எழுத்தின் அளவை மாற்றுங்கள், பதற்றம் என்றால் கையில் இருக்கும் புத்தகங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டு மூன்றை ஒரே மாதத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று அடுத்த மாதம் தெரியாது.

நான் எழுதிய வரி: "சரித்திர நாவல் காலையில் மட்டும், உட்கார்ந்து, பெயர்ச் சீட்டுடன்." அதற்கு முன் குறுநாவலின் இருபது பக்கத்தை ஒரு மத்தியானத்தில் முடித்தேன், பயந்தபடியே முடிவு நன்றாக இருந்தது, முடிந்தும்விட்டது. சரித்திர நாவலில் 203ஆம் பக்கம் வந்திருக்கிறேன். பெயர்ச் சீட்டின் முன்பக்கம் நிரம்பிவிட்டதால் இப்போது பின்பக்கத்தில் எழுதுகிறேன். பட்டப்பெயர் குழப்பிய அந்த மூன்று பேரில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள்.